இடுப்பில் கட்டுவதா, ஜாக்கெட்டில் செருகுவதா? ஸ்கூபா எடை வாங்கப்போகும் புதியவர்களுக்கு

சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சொந்தமாகச் சாமான் வாங்க ஆசை வரும். கண்ணாடி, காலில் மாட்டும் ஃபின் வரைக்கும் குழப்பம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: பழைய மாதிரி இடுப்பில் ஈயக் கட்டி கோத்த வெயிட் பெல்ட் கட்டிக்கொள்வதா, இல்லை ஈயத்தைச் செருகிக்கொள்ளப் பை வைத்துத் தைத்த பிசிடி வாங்குவதா? பிசிடி என்பது காற்றடைத்தால் நம்மை மிதக்க வைக்கும் ஜாக்கெட். ஈயப் பையும் அதிலேயே இருந்தால் அதை இன்டகிரேட்டட் வெயிட் என்கிறார்கள். சேர்ந்த எடை என்று வைத்துக்கொள்வோம்.

இணையத்தில் தேடினால் பெரும்பாலானவர்கள் சேர்ந்த எடைக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். அவர்களில் பலர் குளிர்ந்த கடலில் மூழ்குகிறவர்கள். தடித்த ரப்பர் சூட்டோ தண்ணீர் புகாத டிரை சூட்டோ போட்டு, பத்துப் பன்னிரண்டு கிலோ ஈயம் சுமக்கிறவர்களுக்கு அதை இடுப்பில் கட்டினால் நாரி ஒடிந்துவிடும். நம் கதை வேறு. குமரிக் கடலில் தண்ணீர் வெதுவெதுப்பானது, மூன்று மில்லிமீட்டர் சூட் போதும், ஈயமும் நாலைந்து கிலோவில் முடிந்துவிடும். அதோடு, நாம் ஏறி இறங்குவது ஏணியும் மேடையும் வைத்த பெரிய டைவ் போட்டில் இல்லை. பெரும்பாலும் ஃபைபர் வள்ளம்தான். அதில் ஏணி இருந்தால் அதிர்ஷ்டம்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் எப்படி இறங்குவோம் என்று பார்த்து எடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எப்படித் திரும்பி ஏறுவோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேற்கொண்டு எழுதியிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஈயம் எதற்கு?

கடலோரத்துப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தால் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். "எங்க ஊர்ல சிப்பி குளிக்கப் போறவங்க ஈயம் கட்டிட்டா போறாங்க?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடியப்பட்டணத்திலும் குளச்சலிலும் இனயத்திலும் பாறை மடைகளில் சிப்பி எடுக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையில் உளியும் இடுப்பில் வலைப்பையுமாக இறங்கிவிடுவார்கள். அவர்கள் உடம்பில் ரப்பர் சூட் இல்லை, முதுகில் சிலிண்டர் இல்லை. ஒல்லியான உடம்பு மூச்சை விட்டால் தானாகவே தண்ணீருக்குள் இறங்கும்.

நமக்கு அந்த வசதி இல்லை. சூட் செய்கிற நியோப்ரீன் ரப்பருக்குள் முழுக்க முழுக்கக் காற்றுக் குமிழிகள். அது நம்மை மேலே தள்ளும். சிலிண்டரும் தன் பங்குக்குத் தள்ளும். பயிற்சி நிலையங்களில் அதிகம் காணப்படும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், காற்று நிறைந்திருக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மூழ்கப் பார்க்கும். காலியானதும் இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கப் பார்க்கும். உள்ளே இருந்த காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல். மூச்சு விட விட அந்த எடை குமிழியாக மேலே போய்விடுகிறது. இறங்கும்போது சரியாக இருந்த எடை, ஏறும் நேரத்தில் பற்றாமல் போவது இதனால்தான்.

ஈயத்தை எடுப்பதற்குக் காரணம் அதன் அடர்த்தி. ஒரு கிலோ ஈயம் தண்ணீருக்குள் போனாலும் 900 கிராமுக்கு மேல் இழுக்கும். அதே ஒரு கிலோ கருங்கல் 600 கிராம் சொச்சம்தான் இழுக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலுக்கடியில் கல்லை வைத்துக்கொண்டு அதன் பாரத்தில் அடிக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவார்கள், மேலே இருப்பவர் கயிற்றால் இழுத்துக்கொள்வார். வேண்டாத நேரத்தில் பாரத்தை உடனே விட்டுவிட முடிய வேண்டும் என்கிற அந்த ஏற்பாடுதான் இன்றைய பெல்ட்டின் பக்கிளிலும், பிசிடியில் ஈயம் போடும் பையான பவுச்சிலும் இருக்கிறது.

முதல் வேலை: உங்களுக்கு எத்தனை கிலோ?

இது தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். நாலு கிலோ போதுமானவர் எடுக்கிற முடிவும் எட்டு கிலோ தேவைப்படுகிறவர் எடுக்கிற முடிவும் ஒன்றாக இருக்காது.

மூன்று மில்லிமீட்டர் முழு சூட், அலுமினிய சிலிண்டர், 70 கிலோ உடம்பு என்றால் கடலில் நாலு முதல் ஆறு கிலோவில் தொடங்கிப் பார்க்கலாம். இது தொடக்கக் கணக்கு மட்டும். கொழுப்பு அதிகமுள்ள உடம்புக்குக் கூடும், சதைப்பிடிப்பான உடம்புக்குக் குறையும். புது சூட் பழைய சூட்டைவிட அதிகமாக மிதக்கும்.

சோதிக்கும் முறை எளிது. முழுச் சாமானோடு தண்ணீரில் செங்குத்தாக நில்லுங்கள், கால் தரையில் படக்கூடாது, ஃபினை அசைக்கவும் கூடாது. பிசிடியில் இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துப் பிடியுங்கள். தண்ணீர் கண் மட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல இறங்க வேண்டும். கல்லைப் போட்டதுபோல் மடமடவென்று இறங்கினால் ஈயம் அதிகம். முகம் முழுவதும் வெளியே தெரிந்தால் குறைவு. இதை சிலிண்டரில் காற்று குறைந்து 50 பார் அழுத்தம் மீதியிருக்கும்போது செய்வதுதான் சரி. நிறைந்த சிலிண்டரோடு செய்தால், கிடைக்கும் கணக்கோடு இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் சற்று நிற்கிறபோது, சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியான நிலையிலும் பிசிடியில் காற்றில்லாமல் அசையாமல் நிற்க முடிகிறதா என்பதுதான் கடைசிப் பரீட்சை.

சில பேர் நாகர்கோவில் பக்கம் நீச்சல் குளத்தில் பழகிவிட்டு அதே ஈயத்தோடு கடலுக்கு வருகிறார்கள். கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனமானது. நீங்களும் சாமானும் சேர்ந்து 95 கிலோ என்றால், கடலில் கூடுதலாக இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும். குளத்தில் மூன்று கிலோவில் அழகாக இறங்கியவர் கடலில் மேலேயே தத்தளிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒன்றுமில்லை, உப்புத்தான் காரணம்.

எடை அதிகமாக இருந்தால் என்ன கெடுதல்? இறங்கியதும் அதைச் சரிக்கட்ட பிசிடியில் காற்றை ஏற்றுவீர்கள். மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து உங்களைத் தூக்கும், நீங்கள் வெளியேற்ற, மறுபடி அமிழ, மறுபடி ஏற்ற. கால் தொங்கி அடிமணலைக் கிளப்பும். சிலிண்டர் சீக்கிரம் தீரும். அளவுக்கு மேல் எடை கட்டியவர்தான் சேர்ந்து இறங்கிய ஜோடியில் முதலில் மேலே வருவார். எது வாங்கினாலும், தேவைக்கு மேல் ஒரு கிலோவைக் கூடச் சும்மா சுமக்காதீர்கள்.

வெயிட் பெல்ட்

ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் பட்டை, ஒரு பக்கிள், அதில் கோத்த ஈயக் கட்டிகள். அவ்வளவுதான் விஷயம். கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் பெல்ட்டும் ஈயமும் அவர்களிடமே இருக்கும். கோவளம், புதுச்சேரி, முருதேஸ்வர், அந்தமான் என்று எங்கே போனாலும் பெட்டியில் ஈயம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கோர்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஈயக் கட்டியில் இரண்டு துளை இருக்கும். பட்டையை ஒரு துளையில் விட்டு, அரைச் சுற்றுத் திருகி, இன்னொன்றில் எடுத்தால் கட்டி நகராது. திருகாமல் கோர்த்தால் நீங்கள் ஒருக்களிக்கும்போது நாலு கிலோவும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். கட்டிகளைச் சரியாகப் பக்கவாட்டு இடுப்பு எலும்புக்குச் சற்று முன்னால் வரும்படி, இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். நடு முதுகில் வைத்தால் சிலிண்டர் வந்து இடிக்கும், மேலே வந்து மிதக்கும்போது மல்லாக்க இழுக்கும். பக்கிளைத் தாண்டி ஒரு சாண் பட்டை மிச்சம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் வெட்டிவிட்டு, வெட்டிய முனையைத் தீயில் காட்டி உருக்கி விடுங்கள். நீளமாகத் தொங்கவிட்டு, அதை மடித்து இடுப்புக்குள் செருகிக்கொள்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. அவசரத்தில் பக்கிளைத் திறந்தாலும் பெல்ட் விழாமல் செருகிய இடத்தில் தொங்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

பெல்ட்டைப் பிடிப்பது எப்போதும் பக்கிள் இல்லாத முனையில். அந்த முனையைத் தூக்கிப் பிடித்தால் ஈயம் வழுக்கினாலும் கீழே பக்கிளில் வந்து நின்றுவிடும். பக்கிள் பக்கம் பிடித்துத் தூக்கினால், திருகாமல் கோர்த்த கட்டி ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு விழும். விழுவது பெரும்பாலும் யாராவது ஒருவரின் காலில்தான் இருக்கும்.

கட்டும் வரிசை: முதலில் சூட், அப்புறம் பெல்ட், அதற்கு மேல் பிசிடி. வள்ளம் ஆடும்போது நின்றுகொண்டு கட்டினால் தளர்ந்துதான் நிற்கும். குனிந்து, முதுகு மேசை போல் தட்டையாக இருக்கும்படி நின்று, பெல்ட்டை இடுப்பின் பின்புறம் கிடத்தி, பிறகு இழுத்து இறுக்குங்கள். இழுக்கும் முனை வலது கைப் பக்கம் வரட்டும், வலது கையால் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். அதுதான் எங்கும் உள்ள வழக்கம். உங்கள் ஜோடிக்கும் உதவ வருகிறவருக்கும் தேடாமல் கிடைக்கும். பிசிடியின் வயிற்றுப் பட்டை பெல்ட் பக்கிளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கிளும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது நல்லது. கை தடவிப் பார்த்தே எது எது என்று தெரிய வேண்டும்.

பெல்ட்டின் பெரிய குறை, ஆழத்தில் தளர்வது. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. சூட்டில் உள்ள குமிழிகள் சுருங்கி சூட் மெலிந்துவிடும். மேலே இறுக்கமாக இருந்த பெல்ட் கீழே போனதும் சுற்ற ஆரம்பிக்கும். பக்கிள் முதுகுப் பக்கம் போய்விட்டால் கையால் எட்டுவது கஷ்டம். அடியை அடைந்ததும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து இறுக்கிக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் நைலானுக்குப் பதிலாக நீளும் ரப்பர் பெல்ட் போடுவது இதற்காகத்தான். இழுத்துக் கட்டினால் சூட் சுருங்கும்போது அதுவும் கூடவே சுருங்கிக்கொள்ளும். ஸ்கூபாவுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எனக்கு நைலானைவிட ரப்பர்தான் பிடிக்கும்.

இரண்டாவது குறை, உடம்பு வாகு. ஒடுங்கிய இடுப்புள்ளவருக்கும் தொப்பை உள்ளவருக்கும் பெல்ட் வழுக்கும். வழுக்கக்கூடாது என்று வயிற்றில் இறுக்கினால் மூச்சு முட்டும். முதுகுவலி ஏற்கெனவே இருப்பவருக்கு நாலு கிலோவும் பாரம்தான்.

பிசிடியோடு சேர்ந்த எடை

இதில் பிசிடியின் இரண்டு பக்கமும் அறை இருக்கும். ஈயத்தைப் போட்ட பவுச்சை அதில் நுழைத்தால் கிளிப் மாட்டிக்கொள்ளும். கைப்பிடியை இழுத்தால் பவுச் கையோடு வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு நாலைந்து கிலோ பிடிக்கும். பல மாடல்களில் சிலிண்டர் பக்கமாக முதுகில் சிறு அறைகளும் உண்டு. அதில் வைப்பதை அவசரத்தில் கழற்ற முடியாது, உடம்பைத் தண்ணீரில் படுக்கை வாட்டில் வைக்க மட்டும்தான் அது. அங்கே ஒன்று, அதிகம் போனால் இரண்டு கிலோ வையுங்கள். மிச்சத்தைக் கழற்றினாலே மிதக்கும்படி கணக்கு இருக்க வேண்டும்.

சுகம் என்றால் இதுதான் சுகம். இடுப்பில் எதுவும் அழுத்தாது. பெல்ட் சுற்றாது, வழுக்காது. பிசிடியை மாட்டினால் ஈயமும் சேர்ந்து மாட்டியாயிற்று, மறப்பதற்கு ஒரு சாமான் குறைவு. தண்ணீரில் படுத்து நீந்தும்போது பாரம் விலாப்பக்கம் பரவி நிற்பதால் கால் தொங்குவதும் குறையும்.

ஆனால் கரையிலும் வள்ளத்திலும் அந்தச் சுகம் இல்லை. சிலிண்டர் மட்டும் 14 கிலோ. காற்று, பிசிடி, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அதன்மேல் ஐந்து கிலோ ஈயம். ஆடுகிற வள்ளத்தில் உட்கார்ந்தபடி அதை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கையை நுழைக்க, மூன்றாமவர் வலைக்குவியலில் தடுக்கி விழ, ஒரே கூத்தாக இருக்கும். சாமானை முழுக்க அடுக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து மாட்டியான பிறகு கடைசியாக ஈயப் பவுச்சை நுழைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

நுழைத்ததும் கிளிப்பின் "டக்" சத்தத்தைக் கேட்க வேண்டும், பிறகு கைப்பிடியைத் தொடாமல் பவுச்சின் விளிம்பைப் பிடித்து ஒரு தடவை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். இப்படிப் பார்க்காவிட்டால், ஒழுங்காக மாட்டாத பவுச் அப்போது தெரியாது. தலைகுப்புற இறங்கும்போதோ பின்பக்கமாக வள்ளத்திலிருந்து உருளும்போதோ கழன்று விழும். ஒரு பக்கம் மட்டும் மூன்று கிலோ திடீரென்று இல்லாமல் போனால் ஆள் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே மேலே போவார். ஆழத்தில் அது விளையாட்டல்ல, நுரையீரல் சம்பந்தப்பட்ட ஆபத்து. போன பவுச்சுக்குப் பதில் வேறு கம்பெனி பவுச் பொருந்தாது என்பது இன்னொரு தலைவலி. அந்தந்த பிராண்டின் பவுச்சைத் தனியாக வரவழைக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: மணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரை கறுப்பாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், கார்னெட் கலந்த கனமான பொடி மணல். அது பிளாஸ்டிக் கிளிப்பின் இடுக்கில் போனால் கிளிப் பாதியில் நிற்கும், வெல்க்ரோவில் ஏறினால் பிடிப்பே போய்விடும். பவுச்சைக் கரை மணலில் வைக்காதீர்கள். வைத்தால் இறங்குவதற்கு முன் கடல்நீரில் அலசி, இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வெல்க்ரோவை மட்டும் நம்பிய மாடலை இந்தக் கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வள்ளத்தில் ஏறுவது

இங்கேதான் இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மூழ்கி முடித்து மேலே வந்தாயிற்று. வள்ளம் பக்கத்தில் வந்திருக்கிறது. அலை தூக்கும்போது விளிம்பு கைக்கு எட்டுகிறது, இறங்கும்போது தலைக்கு மேலே போகிறது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், உங்களைப் பின்பக்கம் எஞ்சின் பக்கமாகத் தள்ளுகிறது. முதல் காரியம், பிசிடியில் காற்றை நிறைப்பது. இரண்டாவது, எஞ்சின் நின்றிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. பிறகுதான் மற்றதெல்லாம். ஏணி இல்லையென்றால் சாமானோடு ஏற முடியாது. தண்ணீரிலேயே கழற்றி மேலே கொடுத்துவிட்டு, ஃபினை உதைத்து எம்பி ஏற வேண்டும்.

கழற்றும் வரிசையில் ஈயம்தான் முதல். வள்ளத்தில் இருக்கிற அண்ணன்மாருக்கு ஸ்கூபா தெரியாவிட்டாலும் இது தெரியும். "மக்கா, முதல்ல ஈயத்தைத் தா, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்று கையை நீட்டுவார்கள்.

பெல்ட் கட்டியவர், ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டு, மறுகையால் பக்கிளைத் திறந்து, பக்கிள் இல்லாத முனையை மேலே நீட்டுவார். மேலே இருப்பவர் வாங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகு விட வேண்டும். அதோடு ஈயக் கணக்கு முடிந்தது. பிறகு பிசிடியைக் கழற்றினால் அதுவும் மிதக்கும், சூட் போட்ட ஆளும் மிதப்பார். அவசரம் ஒன்றும் இல்லை.

சேர்ந்த எடைக்காரர் இரண்டு பவுச்சையும் தனித்தனியாக இழுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அப்படியே பிசிடியைக் கழற்றினால் வம்பு தொடங்கும். ஈயம் முழுவதும் பிசிடியில், மிதப்பு முழுவதும் சூட்டில். நீங்கள் தக்கைபோல் மேலே போவீர்கள், பிசிடியில் காற்று குறைவாக இருந்தால் அது கீழே இழுக்கும். கையில் பிடித்திருக்கிற சாமான் ஒருபக்கம், அலை ஒருபக்கம். மேலே இருந்து தூக்குகிறவருக்கும் ஐந்து கிலோ கூடுதல். வலையில் சிக்கி, கீழே பிசிடியைக் கழற்றிச் சிக்கலை எடுக்க வேண்டி வந்தாலும் இதே கஷ்டம்தான். நம் கடலில் அறுந்து கிடக்கிற வலைக்குப் பஞ்சமில்லை. சேர்ந்த எடை வாங்குகிறவர், தண்ணீருக்குள் பிசிடியைக் கழற்றினால் அதன் ஒரு பட்டையைக் கையிலிருந்து விடாமல் உடம்போடு அணைத்துக்கொள்வதை ஆசிரியரோடு சேர்ந்து பழக வேண்டும்.

ஒருவேளை பெல்ட்டைத் தண்ணீரிலேயே மறுபடி கட்ட நேர்ந்தால், பக்கிள் இல்லாத முனையை வலது கையால் வலது இடுப்பில் அழுத்திப் பிடித்து, மல்லாக்கக் கிடந்து, இடது பக்கமாக உருண்டு குப்புறக் கிடங்கள். பெல்ட் தானாக முதுகில் வந்து விழும். நீச்சல் குளத்தில் நாலு தடவை செய்தால் கைவந்துவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையில் இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை, அப்போது இறங்க வேண்டாம். மற்ற மாதங்களிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். காற்றே இல்லாமல் தூரத்திலிருந்து வருகிற அந்தப் பேரலை வள்ளத்தில் ஏறும் நேரத்தில்தான் காலை வாரும்.

கழற்றிப் போடும் பழக்கம்

எது வாங்கினாலும் இதைப் பழகாவிட்டால் பயனில்லை. ஸ்கூபா விபத்துகளில் இறந்தவர்களில் பலர் ஈயத்தைக் கழற்றாமலே கிடைத்திருக்கிறார்கள். பக்கிள் பழுதாகிக் கழற்ற முடியாமல் போவது அரிது. பயந்துபோன மனிதனுக்கு அது நினைவுக்கே வருவதில்லை. ஈயம் போனால் காசு போச்சே என்று ஒரு நொடி யோசிக்கிறவரும் உண்டு. ஈயம் கிலோக்கணக்கில் கிடைக்கும்.

மேலே, மிதக்க முடியாமல் திணறினால் உடனே கழற்றிப் போடுங்கள். பெல்ட் என்றால் பக்கிளைத் திறந்து, முனையைப் பிடித்து உடம்பிலிருந்து கையை நீட்டி விலக்கிய பிறகு விடுங்கள். இடுப்பிலேயே விட்டால் கத்தியிலோ ஃபினிலோ மாட்டித் தொங்கும். பவுச் என்றாலும் அப்படித்தான், இழுத்து, விலக்கி, விட வேண்டும். ஆழத்தில் இருக்கும்போது கழற்றுவது வேறு விஷயம். அங்கே ஈயத்தைப் போட்டால் கட்டுப்பாடில்லாமல் மேலே பாய்வீர்கள். முதலில் பிசிடியில் காற்று, மூச்சைப் பிடிக்காமல் மெதுவாக ஏறுவது, மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ஈயம்.

குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். வலது கையால் ஒரு தடவை, இடது கையால் ஒரு தடவை, கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடவை. பவுச்சின் கைப்பிடி பிராண்டுக்கு பிராண்டு மாறும். சிலது முன்னால் இழுக்க வேண்டும், சிலது பக்கவாட்டில், சிலதில் கிளிப்பை இரண்டு விரலால் அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறங்கும் முன் உங்கள் ஜோடியின் கையைப் பிடித்து உங்கள் பக்கிளிலோ பவுச்சிலோ வைத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், கையில் பட்டால்தான் நினைவிருக்கும்.

சரி, உங்களுக்கு எது?

இப்போதுதான் பயிற்சி முடித்தவர், இன்னும் எடைக் கணக்கு நிலைப்படவில்லை, சாமான் வாடகைக்கு எடுத்துத்தான் போகிறீர்கள் என்றால் பெல்ட். யோசிக்கவே வேண்டாம். சூட்டோ சிலிண்டரோ மாறினால் ஒரு கட்டியைக் கழற்றி மாட்டினால் போதும். நாளைக்குப் பிசிடி வாங்கினாலும் பெல்ட் வீணாகாது.

பெரும்பாலும் ஃபைபர் வள்ளத்தில் போகிறவர், ஆறு கிலோவுக்குள் ஈயம் போதும் என்பவர்: அவருக்கும் பெல்ட்தான், முடிந்தால் ரப்பர் பெல்ட். இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது, முதுகு வலிக்கிறது, எட்டு கிலோவுக்குக் குறைய வழியில்லை என்றால் சேர்ந்த எடைக்குப் போங்கள். போகும்போது இயந்திரக் கிளிப் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், பவுச்சை மேலே கொடுப்பதை வள்ளத்துக்காரரோடு கரையிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

இரண்டும் கலந்தும் வைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எட்டு கிலோவில் நாலு பெல்ட்டில், நாலு பவுச்சில். இடுப்பில் பாரம் பாதி, பிசிடியில் பாதி. பிசிடியைக் கழற்றினாலும் ஆள் தக்கைபோல் துள்ளமாட்டார். ஒரு பவுச் விழுந்தாலும் போவது இரண்டு கிலோதான். கழற்றுவதற்கு இரண்டு இடம் என்பது மட்டும் குறை, ஆனால் அவசரத்தில் பெல்ட் ஒன்றைக் கழற்றிப் போட்டாலே மேலே நிற்க முடியும்.

பெண்களுக்கு பெல்ட் சரிப்படாது என்று ஒரு பேச்சு உண்டு. இடுப்பு அகலமாக இருக்கும் பலருக்கு ஆண்களைவிட நன்றாகவே நிற்கும். உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பொதுவாகச் சொல்வதைக் கேட்காதீர்கள்.

வாங்கும்போதும் வீட்டிலும்

பிசிடி வாங்கப் போனால் உங்கள் ஈயத்தையும் கொண்டுபோய்ப் பவுச்சில் போட்டுப் பாருங்கள். பயிற்சி நிலையங்களில் கிடைக்கும் தடித்த கட்டிகள் சில பவுச்சுக்குள் நுழையாது. ஈயக் குண்டு நிரப்பிய துணிப்பை எளிதாகப் போகும், முனை குத்தாது, காலில் விழுந்தாலும் கட்டி அளவுக்கு அடிக்காது. பிளாஸ்டிக் பூசிய கட்டி கிடைத்தால் அதை எடுங்கள், கையில் ஈயம் ஒட்டாது.

தூண்டிலுக்கும் வலைக்கும் ஈயக்குண்டு வார்க்கிற வீட்டில் பிறந்தவர்கள் இதையும் நாமே வார்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். வேண்டாம். உருகும் ஈயத்தின் புகை விஷம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. சூட்டைப் பிய்க்காத, இரண்டு துளையும் சரியாக அமைந்த கட்டியை வீட்டில் வார்ப்பதும் எளிதல்ல. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். வள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் இருக்கிற பையில் ஈயத்தைப் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டையும் பவுச்சையும் ஈயத்தை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். பக்கிளின் கீலையும் கிளிப்பின் இடுக்கையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், கறுப்பு மணல் வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிழலில் காய வையுங்கள், வெயில் நைலானையும் ரப்பரையும் தின்றுவிடும். ஈயத்தைப் பவுச்சுக்குள்ளேயே வைத்துப் பிசிடியைக் கொக்கியில் தொங்கவிட்டால் தையல் தளரும். ஈயத்தைத் தனியாக, தரையோடு, பிள்ளைகள் போகாத ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.